கடன் தீர்க்கவா ஆராய்ச்சி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் குணமாகி ஆறு வருடம் ஆகிறது. சிகிச்சை முடிந்தவர்களின் உடல்நிலையை நீண்டகாலம் கவனிக்கும் ஆராய்ச்சியில் சேரச் சொல்லி என் டாக்டர் கேட்கிறார். வருடம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும், கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். பிழைத்தவளுக்கு இது கடமை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மனம் வரவில்லை. மறுத்தால் சுயநலமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சுயநலம் இல்லவே இல்லை.

உங்களுக்குக் கடமை என்று தோன்றுவது ஏன் என்பது புரிகிறது. ஆரம்பநிலைக் கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்று இன்று டாக்டர்கள் தைரியமாகச் சொல்கிறார்கள் என்றால், 1976-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிய ஆய்வு அதற்கு முக்கியமான காரணம். மார்பகத்தை முழுதாக நீக்குவதா, கட்டியை மட்டும் நீக்குவதா என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டுக்கொடுத்த பெண்கள் அதில் பங்கேற்றவர்கள். 20 வருடம் தொடர்ந்து கவனித்ததில் இரண்டு முறைக்கும் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை என்று 2002-ல் உறுதியானது. அவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதும் பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததால் தெரியவந்ததுதான்.

ஆனால் உங்கள் பயமும் நிஜம். ரத்தம் எடுக்கக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே பழைய நாட்கள் அப்படியே திரும்பி வந்துவிடும். முடிவு வரும்வரை தூக்கம் போய்விடும். சிலருக்கு இது நேர்மாறு: சிகிச்சை முடிந்ததும் யாரும் கவனிப்பதில்லையே என்று தவிப்பவர்களுக்கு ஆராய்ச்சியே ஒரு பிடிமானம். இரண்டும் ஒரே மனதில் இருப்பதும் உண்டு.

எனக்கு உறுத்துவது, உங்களிடம் கேட்பவர் உங்கள் டாக்டர் என்பதுதான். உயிரைக் காப்பாற்றியவர் கேட்டால் மறுக்க நா எழுமா? மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறைகளைச் சொல்லும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் இந்தச் சங்கடத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறது. நோயாளி டாக்டரைச் சார்ந்திருக்கும் நிலையில், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவர்தான் ஒப்புதல் கேட்க வேண்டும் என்கிறது. அப்படி ஒருவரோடு பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

அவரிடம் எல்லாவற்றையும் விசாரியுங்கள். கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பலாமா? ரத்தத்தை வேறு இடத்தில் கொடுக்கலாமா? எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? ஆய்வின் முடிவை உங்களுக்கும் சொல்வார்களா? கேள்வித்தாள் மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்வார்களா? நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் குறை வராது என்பது படிவத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதில்கள் வந்த பிறகு முடிவெடுத்தால் போதும், அவசரமே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்