வாசகர் கேள்விகள்: மீகடத்தி நாடா

கேள்வி: கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியான இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு பீங்கான் போல நொறுங்கும், கம்பியாக இழுக்க வராது. சரி, உலோக நாடாவின் மேல் நேரே பூசிவிட்டால் என்ன?

பதில்: பூசலாம், ஆனால் பயன்படும் அளவுக்கு மின்சாரம் ஓடாது. இந்தப் பொருளில் பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் நாலைந்து டிகிரிக்கு மேல் திரும்பி நின்றாலே, எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் கிடுகிடுவென விழும். சாதாரண நாடாவில் படிகங்கள் தாறுமாறாகக் கிடக்கும். மேலே வளரும் படலமும் அப்படியே வளரும்.

அதனால் பாதி வேலை மீகடத்திக்கு அடியில்தான். சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள ஹாஸ்டெலாய் (நிக்கல் கலப்புலோகம்) நாடாவை மின்வேதி முறையில் மெருகேற்றி, மேடுபள்ளத்தை ஓரிரு நானோமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். அதிலுள்ள நிக்கல் மேலேறிக் கெடுக்காதிருக்க அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), அதன்மேல் மெல்லிய இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசுவார்கள். பிறகு மேக்னீசியம் ஆக்சைடு படியும்போதே ஆர்கான் அயனிக் கற்றையை 45 டிகிரி சாய்வில் பாய்ச்சுவார்கள். கோணல் படிகங்களைக் கற்றை அரித்துத் தள்ள, வரிசையில் நிற்பவை மட்டும் மிஞ்சும். வெறும் 10 நானோமீட்டரிலேயே ஒழுங்கு வந்துவிடும். ஆசைப்பட்டுக் கற்றையை நீட்டினால் வந்த ஒழுங்கும் கெடும். கற்றையை நிறுத்திவிட்டு, சூட்டில் அதே ஆக்சைடை இன்னும் கொஞ்சம் வளர்த்து, லாந்தனம் மாங்கனேட்டால் மூடுவார்கள்.

மீகடத்தி வருவது அதற்கும் மேலே, ஓரிரண்டு மைக்ரான். லேசரால் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையில் நாடாவின் சூடு 800 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கவேண்டும். குறைந்தால் படிகங்கள் படுத்து வளர்ந்து மின்னோட்டத்தின் வழியை அடைக்கும். படலத்தைத் தடிமனாக்கினால் மின்னோட்டமும் அதே கணக்கில் கூடும் என்று நினைக்கவேண்டாம். மேலே போகப்போக ஒழுங்கு தளரும்.

கேள்வி: மீகடத்திக்கும் அதன் மேலுள்ள செம்புக்கும் நடுவில் வெள்ளி எதற்கு? செம்பு போதாதா?

பதில்: புதிதாகப் படிந்த படலத்தில் ஆக்சிஜன் குறைவு, அந்த நிலையில் அது மீகடத்தியே அல்ல. ஆக்சிஜனில் 450–500 டிகிரியில் வைத்து ஊட்டவேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளி ஆக்சிஜனை உள்ளே விடும், செம்போ தானே ஆக்சைடாகிவிடும். ஆகவே முதலில் வெள்ளி, அடுத்து ஆக்சிஜன், கடைசியில்தான் செம்பு முலாம்.

கேள்வி: இரண்டு நாடாக்களைச் சாலிடர் செய்தேன். திரவ நைட்ரஜனில் குளிரவைத்தும் இணைப்பில் மின்தடை அதிகம். ஏன்?

பதில்: முதலில் எந்த முகங்களை ஒட்டினீர்கள் என்று பாருங்கள். மீகடத்தி உள்ள முகமும் முகமும் சேரவேண்டும். ஹாஸ்டெலாய்ப் பக்கம் சேர்ந்தால் மின்னோட்டம் ஓரத்துச் செம்பைச் சுற்றித்தான் வரும். முகம் சரியென்றால் சூட்டைச் சந்தேகியுங்கள்: 200 டிகிரிக்கு மேல் அதிக நேரம் காய்ச்சினால், ஊட்டிய ஆக்சிஜன் வெளியேறத் தொடங்கும்.