வாசகர் கேள்வி – பதில்: லீவர் ரைபிளில் சேப்டிப் பொத்தான் ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் அனுமதிப்பத்திரத்தோடு பழைய லீவர் ரைபிள்கள் சேர்க்கிறவர். மார்லின் நிறுவனத்தின் 336 ரைபிள் என்றால், பக்கவாட்டில் சேப்டிப் பொத்தான் இல்லாததைத்தான் தேடுகிறார். அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறார். பாதுகாப்புக் கூடினால் நல்லதுதானே? – உப்புவெளி வாசகர்

பதில்: பாதுகாப்புக்கு நல்லதுதான். மச்சானின் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

லீவர் ரைபிள் என்றால், விசைக்குக் கீழே உள்ள நெம்பை ஆட்டித் தோட்டாவை ஏற்றும் துவக்கு. அதன் குதிரை, அதாவது அடிஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் பகுதி, வெளியே தெரியும்படி இருக்கும். முழுக்கப் பின்னால் இழுத்தால் சுடத் தயார். பாதி இழுத்தால் குதிரையில் வெட்டிய ஆழமான பள்ளத்துக்குள் விசையின் முனை போய் உட்காரும். அதன்பிறகு விசையை இழுத்தாலும் குதிரை விழாது. 1894இல் வந்த வின்செஸ்டர் 94 ரைபிள் முதல் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வேட்டைக்காரர் இந்த அரைநிலையை நம்பித்தான் காட்டுக்குள் நடந்தார்கள். கண்ணுக்கும் தெரியும், இருட்டில் பெருவிரலுக்கும் தெரியும்.

அரைநிலை கைவிடும் இடம் ஒன்று உண்டு. தோட்டா உள்ளே இருக்க, முழுக்க ஏற்றிய குதிரையைத் திரும்ப இறக்க வேண்டுமென்றால், பெருவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டே விசையை இழுக்க வேண்டும். மழையில் நனைந்த விரலோ குளிருக்குப் போட்ட கையுறையோ வழுக்கினால் வெடிதான். துவக்கை வெறுமையாக்கும்போதும் ஆபத்து இருக்கிறது: குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக்களை லீவரை ஆட்டி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது, குதிரை ஒவ்வொரு முறையும் முழுக்க ஏறி நிற்கும். இதற்காகத்தான் மார்லின் 1983இல் குறுக்குப் பொத்தானைச் சேர்த்தது. பொத்தானை அழுத்தி வைத்தால் குதிரை விழும், ஆனால் அடிஊசியைத் தொடாமல் நின்றுவிடும். அரைநிலைப் பள்ளமும் அப்படியே இருக்கிறது.

வேட்டைக்காரரின் எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. பொத்தானை மறந்துவிட்டு விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும், மான் ஓடிவிடும். சேகரிப்பாளரின் எரிச்சலோ துளையைப் பற்றியது. எதுவுமில்லாத தட்டையான எஃகுப் பக்கம்தான் இந்தத் துவக்கின் அழகு. அதில் ஒரு துளை விழுந்தால் அது ‘பழைய துவக்கு’ இல்லை என்று கண் உடனே சொல்லிவிடும். வின்செஸ்டர் 94இலும் 1992இல் குறுக்குப் பொத்தான் வந்தது. வாங்குவோர் முகம் சுளித்ததால் 2003இல் அதைக் குதிரைக்குப் பின்னால், பிடியின் மேற்பட்டைக்கு மாற்றினார்கள். பக்கம் தப்பியது. ஆனால் பழையபடி அந்த மேற்பட்டையில் துளைக்குறி (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி) பொருத்துகிறவர்களுக்கு இடம் போயிற்று.

மச்சானிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள்: பொத்தான் உள்ள துவக்கு கையில் வந்தால் அதைக் கழற்றித் துளையை அடைக்க வேண்டாம். அடைத்த துளை திறந்த துளையைவிட மோசமாகத் தெரியும், விலையும் இறங்கும், அடுத்துக் கையில் எடுப்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை. பிடிக்காவிட்டால் வாங்காமல் விடலாம்.

கேள்வி: வாங்கும்போது ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? – அதே வாசகர்

பதில்: 1973 முதல் 2000 வரை செய்த மார்லின் என்றால், தொடர் இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்களை 100இலிருந்து கழித்தால் போதும். 27 என்றால் 1973, 20 என்றால் 1980, 17 என்றால் 1983. மாற்றம் நடந்த ஆண்டை ஒட்டியவற்றில் இலக்கத்தை நம்பாமல் துளை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் குதிரை வைத்த இரட்டைக்குழல் துவக்கு, அனுமதிப்பத்திரத்தோடு பயிர்க்காவலுக்கு வைத்திருக்கிறோம். பட்டறையில் கொடுத்து ஒரு சேப்டி போடலாமா? – தம்பலகாமம் வாசகர்

பதில்: வேண்டாம். பூட்டு என்பது குதிரையை இயக்கும் உட்பொறி. அதைத் தாங்கும் பக்கத் தகடான பூட்டுப்பலகையில் துளை போட்டால் உள்ளே வில்லும் நெம்பும் நகரும் இடம் சிதையலாம். அப்படியானால் புதுச் சேப்டியும் வேலை செய்யாமல் போகலாம், பழைய அரைநிலையும் கெட்டுப்போகலாம்.

முதலில் உங்கள் குதிரை எந்த வகை என்று பாருங்கள். துவக்கைத் திறந்து இரு குழலும் வெறுமை என்று உறுதிசெய்தபின், குதிரையை விரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள். விட்டதும் தானே சற்றுப் பின்வாங்கி நின்றால் நல்லது. அடிஊசியில் சாய்ந்தபடியே நின்றால் அது பழைய வகை: தோட்டா போட்டு அப்படியே கொண்டு போனால், குதிரையில் விழும் ஒரு தட்டே வெடிக்கப் போதும். அரைநிலையில் நிறுத்தி விசையை மெல்ல இழுத்துப் பாருங்கள். குதிரை நழுவினால் பள்ளம் தேய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் துவக்கில் தோட்டா போடக்கூடாது, அனுமதி பெற்ற திருத்துநர் பார்க்கும் வரை.

வரம்பைத் தாண்டும்போதும் வேலி ஏறும்போதும் துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடவுங்கள். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்து பூட்டுக்குள் துரு ஏறும். அரைநிலைப் பள்ளத்தின் விளிம்பை அதுவும் தின்னும். துணியுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.