ஸ்பேசைடுக்குப் போகுமுன்: முதல் விஸ்கியை எப்படிக் குடிப்பது?

கேள்வி: வேலைக்காக அபர்டீன் வந்து ஆறு மாதம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்தில் இரண்டு டிஸ்டிலரிகளை, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலைகளைப் பார்க்கப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரி நாட்களில் ஒருமுறை கோக் கலந்து குடித்ததோடு சரி. தொண்டை எரிந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. இங்கே எல்லோரும் மோந்து பார்த்து, மெல்ல மெல்லக் குடிக்கிறார்கள். நான் எதில் தொடங்குவது? தண்ணீரோ ஐஸோ கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: தண்ணீர் தாராளமாகக் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்குமுன்பே மேஜையில் சின்னக் குடுவையில் வைத்திருப்பார்கள். ராவாகக் குடிப்பவருக்குத்தான் விஸ்கி தெரியும் என்ற நினைப்பு நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் விஸ்கியை முகர்ந்து தேர்ந்தெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஸ்காட்லாந்து பிளெண்டர்கள், மாதிரிகளில் தண்ணீர் விட்டு ஆல்கஹாலை 20 சதவீத அளவுக்கு இறக்கித்தான் முகர்வது வழக்கம். அவர்களே அப்படிச் செய்யும்போது நமக்கென்ன?

காரணம் எளிது. பாட்டிலில் இருப்பது குறைந்தது 40 சதவீத ஆல்கஹால். அது மூக்கையும் நாக்கையும் மரக்கச் செய்துவிடும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் காரம் தணிந்து வாசனை எழும்பும். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் மிகுந்திருக்கும்போது திரவத்துக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு, அதாவது உங்கள் மூக்குக்குப் பக்கத்தில் வருகிறது.

குடிக்கும் முறைக்குப் போகுமுன், கிளாஸில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் டிஸ்டிலரியில் சொல்வது புரியும். வீட்டில் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து அரைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இங்கே அதையே பார்லியில் செய்கிறார்கள். தானியம் முளைக்கும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாகத் தயாராகிறது. உலர்த்தி அரைத்து, வெந்நீர் விட்டு இனிப்புச் சாறு எடுத்து, ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்தால் பீர் போல ஒன்று கிடைக்கும். அதைச் செம்புக் கொப்பரைகளில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள். வடிந்து வருவது தண்ணீர் போல நிறமற்று இருக்கும். ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்திருந்தால் சிங்கிள் மால்ட். மற்ற தானிய விஸ்கியும் கலந்திருந்தால் பிளெண்டட். இந்தியாவில் விஸ்கி என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவில் வடித்த ஆல்கஹால். கல்லூரி நாளில் உங்கள் தொண்டையை எரித்தது அதுவாக இருக்கவும் கூடும்.

சரி, கிளாஸ் கைக்கு வந்துவிட்டது. அடி அகன்று வாய் குறுகிய, துலிப் பூ வடிவக் கிளாஸ் தருவார்கள். வாசனையைச் சேர்த்து மேலே அனுப்புவதற்காக அந்த வடிவம். வைன் போலச் சுழற்ற வேண்டாம், ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். கிளாஸை முகவாய்க்கு அருகில் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல முகருங்கள். மூக்கை உள்ளே விட்டு ஒரே மூச்சாக இழுத்தால் அடுத்த பத்து நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. முதன்முதலாக வருபவர்களில் பாதிப் பேர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

என்ன வாசனை என்று கேட்பார்கள். பயப்படாதீர்கள். அங்கே உள்ளவர்கள் பேரிக்காய், ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள், அது அவர்கள் வளர்ந்த வீட்டின் மணம். உங்களுக்கு நேந்திரம் பழமோ வெல்லப்பாகோ ஊறவைத்த திராட்சையோ தோன்றினால் அப்படியே சொல்லுங்கள். புளிக்கும்போது உண்டாகும் எஸ்டர்கள் என்ற மணப்பொருட்களில் ஒன்று வாழைப்பழத்திலும் உண்டு, ஆகவே நீங்கள் சொல்வது கற்பனை ஆகாது. அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்ததற்கு வெனிலாவும் தேங்காயும், ஷெர்ரி என்ற ஸ்பானிய வைன் இருந்த பீப்பாயில் கிடந்ததற்கு உலர்பழமும் பேரீச்சையும் மணக்கும். சுவை குறிப்பவர்களை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தன் சமையலறை வாசனையை நம்பிச் சொல்பவர்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

முதல் வாய் அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அது எரியத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது வாயை விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிட்டு ஐந்தாறு நொடி வைத்திருங்கள். அதில்தான் உண்மையான சுவை. விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், இன்னொரு வாசனை வரும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். இப்படியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பீப்பாயிலிருந்து நீர் கலக்காமல் அடைத்த காஸ்க் ஸ்டிரெங்த் விஸ்கி 55, 60 சதவீதம் வரை இருக்கும். அதற்குத் தண்ணீர் கட்டாயம். ஐஸ் போட்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை, ஆனால் குளிர்ச்சியில் வாசனை அடங்கிவிடும். கோக், சோடாவெல்லாம் பிளெண்டட் விஸ்கிக்குச் சரி.

தொடங்குவதற்கு ஸ்பேசைடே நல்ல இடம். ஸ்காட்லாந்தில் வேறெந்த வட்டாரத்தையும்விட இங்கேதான் டிஸ்டிலரிகள் அதிகம். பொதுவாகப் பழ மணமும் மென்மையும் கொண்டவை. கிளென்லிவெட் 12 அல்லது கிளென்ஃபிடிக் 12-இல் ஆரம்பியுங்கள். இரண்டாவதாக, போர்பன் பீப்பாயிலிருந்து ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றிய பால்வெனி டபுள்வுட் 12. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் பீப்பாய் செய்யும் வேலை ஒரே நொடியில் புரிந்துவிடும். ஐலா தீவின் லஃப்ராய்கை மட்டும் முதல் நாள் தவிர்த்துவிடுங்கள். பீட் என்ற சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்திய பார்லி அது. டிஞ்சர் பாட்டிலைத் திறந்தாற்போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வகை, ஆனால் பழகுவதற்கு எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. பாட்டிலாக வாங்க அவசரம் வேண்டாம். 50 மில்லி மினியேச்சர்கள் கிடைக்கும், நான்கு வகை வாங்கிப் பார்க்கலாம்.

வயது எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 12 என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பவற்றில் மிக இளையதற்கு 12 வயது என்று பொருள். அடர்ந்த நிறமும் தரத்துக்குச் சான்றில்லை, நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரு வெயிலில் இது 10 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் அங்கே தயாராகும் அம்ருத் இளம் வயதிலேயே முதிர்ந்துவிடுகிறது. அந்தச் சிங்கிள் மால்ட் 2004-இல் அறிமுகமானது கிளாஸ்கோவில்தான்.

அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே பப்பில் ஒரு சிங்கிள் என்பது 25 அல்லது 35 மில்லி. 25 மில்லியில் ஒரு யூனிட், அதாவது 10 மில்லி சுத்த ஆல்கஹால். பிரிட்டன் மருத்துவ அதிகாரிகளின் பரிந்துரை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது. நம்மூர் லார்ஜ் 60 மில்லி, 42.8 சதவீதம், ஒன்றிலேயே இரண்டரை யூனிட் தாண்டிவிடும். இரண்டு டிஸ்டிலரி என்றால் ஆளுக்கு ஏழெட்டு மாதிரிகூட வரலாம். எல்லாவற்றையும் குடிக்க வேண்டியதில்லை, முகர்ந்துவிட்டு மீதியை வைத்துவிடுவது இங்கே மரியாதைக் குறைவே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு விஸ்கிக்கும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் குடியுங்கள். தூக்கத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவரானால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு வாய் வைத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள், அந்த இடங்களைச் சுற்றிப் பார்ப்பதே நல்ல அனுபவம்.

வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. இங்கிலாந்தில் அது 80. ஓட்டுபவரின் பங்கைச் சின்னப் பாட்டிலில் ஊற்றித் தரும் வழக்கம் பல டிஸ்டிலரிகளில் உண்டு, தயங்காமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பிறகு வீட்டில் குடிக்கும்போது இதைச் செய்து பாருங்கள்: காலியான கிளாஸை இரவில் கழுவாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எடுத்து முகருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போய், மரமும் வெனிலாவும் மட்டும் மிஞ்சியிருக்கும்.