டொரிக்கா, அல்லிராணி கோட்டையா?

வாசகர் கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் மன்னார் மாவட்டத்து அரிப்புக் கிராமத்துக்குப் பக்கத்து ஊர். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, கடற்கரையிலுள்ள டொரிக் மாளிகையைப் பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் ஊர்ச் சங்கம் திறந்த தகவல் அறைக்குப் பொறுப்பாக விட்டிருக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் நாலு படம், அவ்வளவுதான். காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் நாலேகாலுக்குப் பூட்டுகிறேன். வருகிறவர்கள் "டொய்லெட் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். இல்லாவிட்டால் "அல்லிராணி கோட்டை எது?" என்று கேட்கிறார்கள். அது வெள்ளைக்கார ஆளுநர் கட்டியது என்று சொன்னதால் ஊரில் ஒரு அப்பு என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். அல்லிராணி கதையைச் சொன்னதற்காக, பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியர் அவர்கள் முன்னாலேயே என்னை ஏசினார். நான் எதைச் சொல்வது? சம்பளமும் ஒழுங்காக வருவதில்லை. வேறு வேலை தேடவா?
— முசலியிலிருந்து ஒரு தங்கை

பதில்:

தங்கச்சி, அப்புவின் கோபத்துக்கும் ஆசிரியரின் ஏச்சுக்கும் பிறகு வருகிறேன். முதலில் நேரத்தை மாற்றுங்கள். எட்டரை தொடக்கம் நாலேகால் என்பது கந்தோர் நேரம். டொரிக்குக்கு மேற்கே முழுக்கக் கடல். வெயில் தாழ்ந்த பிறகுதான் அங்கே சனம் வரும். பொழுதுபடுவதைப் பார்க்க வான் பிடித்து வருகிற குடும்பம், நீங்கள் பூட்டிவிட்டுப் போன கதவைத்தான் பார்க்கும். கிழமை நாட்களில் பின்னேரம் இரண்டரைக்குத் திறந்து ஆறு மணி வரை இருங்கள், சனி ஞாயிறில் காலையிலும் திறவுங்கள் என்று சங்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் தனியாக இருக்க வேண்டாம். இன்னொரு பெண்பிள்ளையையும் போடச் சொல்லுங்கள், இருட்ட முன்னர் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

டொய்லெட் கேட்கிறவர்களைப் பற்றிச் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். புத்தளம் பக்கமிருந்தோ மன்னாரிலிருந்தோ வெக்கையில் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு முதல் தேவை அதுதான். நிழலில் ஒரு வாங்கு, ஒரு பானை தண்ணீர், துப்புரவான மலசலகூடம், இந்த மூன்றும் இருந்தால் அவர் தானாகவே உங்கள் மேசைக்கு வருவார். உங்களிடம் மலசலகூடம் இல்லாவிட்டால் பக்கத்தில் யாராவது ஒரு வீட்டாரோடு கதைத்து, ஒரு சிறு தொகைக்கு ஒழுங்குபண்ணலாம். அந்த வீட்டுக்கும் வருமானம். தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்கிறார் பாருங்கள், அந்த நேரத்தில்தான் அவர் காது திறந்திருக்கும்.

அப்போது என்ன சொல்வது?

இரண்டையும் சொல்லுங்கள். ஆனால் எது கதை, எது பதிவு என்று பிரித்துச் சொல்லுங்கள். "ஊரில் இதை அல்லிராணி கோட்டை என்பார்கள். முத்து விளைந்த இந்தக் கடலை அவள்தான் ஆண்டாள் என்பது இங்கத்தைய கதை. இப்போது நிற்கிற சுவர்கள் 1801க்கும் 1804க்கும் இடையில் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டியவை." இவ்வளவும் போதும். இதில் ஆசிரியர் பிழை பிடிக்க ஒன்றுமில்லை, அப்பு கோபிக்கவும் ஒன்றுமில்லை. அந்த ஆசிரியர் கட்டடத்தின் வயதைப் பற்றிச் சொன்னது சரி. பிள்ளைகள் முன்னால் உங்களை ஏசியது சரியில்லை. ஒரு கடற்கரைச் சனம் தன் கடலுக்கு ஓர் அரசியை வைத்துக் கதை சொல்கிறது என்பதையும் அந்தப் பிள்ளைகள் அறியத்தானே வேண்டும்? தமிழ்நாட்டுக் கதைப்பாடல்களில் அல்லி மதுரையை ஆண்டவள், அருச்சுனன் அவளை மணந்தான் என்று வரும். இந்தக் கரையில் அவள் முத்துக்கு அரசி. தெற்கே குதிரைமலையிலும் அவள் பெயரைச் சொல்வார்கள். அக்கரையும் இக்கரையும் ஒரே கடலில் முத்துக் குளித்த சனம், கதையும் தோணியோடு வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புவிடம் நீங்களாகவே போங்கள். வாதாடவோ மன்னிப்புக் கேட்கவோ போக வேண்டாம், கேட்கப் போங்கள். "அல்லிராணியின் கதையை எனக்கு முழுக்கச் சொல்லுங்கோ அப்பு, நான் ஃபோனில் பதிகிறேன்" என்று சொல்லிவிட்டு இருங்கள். அவருக்குச் சம்மதமென்றால் அதை எழுதி, அவர் பெயரோடு உங்கள் சுவரில் ஒட்டுங்கள். அந்த நாலு படத்தைவிட அது பெறுமதி. அவரோடு நிற்காமல் மற்ற வீடுகளுக்கும் போங்கள். முசலியில் 1990இல் முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டது, பிறகு தமிழ்ச் சனமும் இடம்பெயர்ந்தது. படங்களும் பத்திரங்களும் போய்விட்டன. கடலைப் பற்றி ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள், வயதும் போகிறது. சிலாவத்துறையில் இருக்கிறவர் சொல்வதையும் அரிப்பில் இருக்கிறவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இனி நோர்த். "ஆளுநர் கட்டியது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் யாருக்கும் சுவைக்காது. ஏன் இந்த வெட்டைக் கரையில் கிரேக்கத் தூண்கள் நிற்கின்றன என்று சொல்லுங்கள். நோர்த் 1798 தொடக்கம் 1805 வரை இலங்கையில் பிரித்தானியரின் முதல் ஆளுநர். கிரேக்கம் என்றால் அவருக்கு உயிர். இங்கே வருவதற்கு முன்னரே கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். பிற்காலத்தில், 1824இல், கோர்ஃபு தீவில் கிரேக்கருக்கென்று ஒரு உயர்கல்விக் கழகத்தையே தொடக்கினார். அலங்காரமில்லாத, தடித்த தூண்களைக் கொண்ட டொரிக் பாணியை அவர் எடுத்தது அந்தப் பற்றில்தான். அதை அரிப்பில் கட்டியது காசுக்காக. முத்துக்குளிப்பு அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம், அதை ஆளுநரே வந்து நின்று பார்க்க ஒரு வீடு வேண்டியிருந்தது.

இதைச் சொல்லிக்கொண்டே ஆட்களைச் சுவருக்குக் கிட்டக் கூட்டிப் போங்கள், ஆனால் தொட விடாதீர்கள். கிரேக்கத்தில் இந்தத் தூண்கள் கல்லில் நின்றன. இங்கே உள்ளே செங்கல், மேலே சாந்து. சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல் வரிசை தெரியும், அதைக் காட்டுங்கள். பிறகு சாந்தைக் காட்டுங்கள். அது சிப்பி ஓட்டிலிருந்து செய்த சுண்ணாம்புச் சாந்து. முத்தைக் காக்க எழும்பிய வீட்டுக்கே முத்துக்கடலின் சிப்பிதான் பூச்சு. இதை நீங்கள் சொல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் செல்ஃபி எடுத்துவிட்டுக் காணாமலே போவார்கள். உங்கள் வேலையின் முக்கால்வாசி இதுதான் என்பேன்: வந்தவரைச் சரியான இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவைப்பது.

அடுத்து அவர்களைக் கடல் பக்கம் திருப்புங்கள். மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கடல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லுங்கள். இரவு நேரத்தில் கரையில் ஒரு பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் போகும். தோணிக்கு ஒரு தண்டேல், அதாவது தோணித் தலைவர், பத்துச் சுழியோடிகள், ஐந்து கல். ஐந்து பேர் கல்லோடு கீழே இறங்க, மற்ற ஐந்து பேர் மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். மத்தியானக் கடற்காற்றில் திரும்பி வருவார்கள். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துச் சுழியோடிகளும் அரபிகளும் எங்கள் ஆட்களும் ஒரே கரையில் நின்ற காலம் அது.

கடல்கட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடாதீர்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் அவர். அவர் கரையில் நின்று ஓதாவிட்டால் சுழியோடிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அதனால் வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், தூணைப் பற்றிய கேள்வியும் தானாக வரும். அப்புறம் கொட்டு. வேலி அடைத்த அந்த இடத்தில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவித்தான் முத்தை எடுப்பார்கள். நாற்றமும் இலையானும் ஊரையே நிறைத்திருக்கும். கழுத்திலே கிடக்கிற முத்து அந்தச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்தது. நோர்த்தின் வீட்டை மட்டும் காட்டி, அந்தச் சேற்றில் கை வைத்தவர்களைச் சொல்லாமல் விட்டால் அரைவாசிக் கதைதான் சொன்னதாகும்.

நேரமிருக்கிறவர்களுக்கு அரிப்புப் பழைய கோட்டையையும் சொல்லுங்கள். கண்டி அரசனிடம் ஏறக்குறைய 20 வருடம் சிறையிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி அருவியாற்றுக் கரையோரமாகக் காடு தாண்டி வந்து, ஒல்லாந்தர் கையிலிருந்த அந்தக் கோட்டையில்தான் சேர்ந்தார். சிங்கள மொழியில் ஒரு பத்து வசனமாவது பாடமாக்கி வையுங்கள். அநுராதபுரத்திலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு நீங்களே நேரடியாகச் சொன்னால், இடையில் யாரோ சொல்லுகிற அரைகுறைக் கதை எடுபடாது.

கட்டடத்தின் பாதுகாப்பு விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கரை செங்குத்தாக நிற்கிறது. கடல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது, மாளிகையின் ஒரு பகுதி விழுந்தும் விட்டது. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, பெயர்ந்து கடல் கொந்தளிக்கிற மாதங்களில் விளிம்புக்கு ஒருவரையும் விடாதீர்கள். கயிறு கட்டுவதோ பலகை நடுவதோ தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெயர் கிறுக்குவதும் செங்கல் எடுத்துப் போவதும் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதை மூன்று மொழியிலும் எழுதி உங்கள் அறையில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு மாதமும் ஒரு படம் எடுத்து, திகதி போட்டு வையுங்கள். கரை எவ்வளவு போயிருக்கிறது என்று காட்ட ஒரு நாள் அந்தப் படங்கள் வேண்டிவரும்.

வன்னியில் தொல்பொருள் என்று ஒரு பலகை நட்டால், சனம் முதலில் தன் காணி பறிபோய்விடுமோ என்றுதான் நினைக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதைச் சிறிதாக எண்ணாதீர்கள். புதிதாக எதையும் தொடங்க முன்னர் பக்கத்து வளவுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அயலுக்குத் தெரியாமல் இந்த அறையில் ஒன்றும் நடக்கக்கூடாது.

சம்பள விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊருக்காகச் செய்கிற வேலை என்று சொல்லி ஒரு இளம் பிள்ளையின் மாதங்களை எடுத்துக்கொள்வது நியாயமில்லை. சங்கத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன பொறுப்பு, எத்தனை மணி நேரம், எவ்வளவு, எந்தத் திகதியில் தருவார்கள். மறுபக்கத்தில் நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை பேர், எந்த ஊர், என்ன கேட்டார்கள். கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல் அந்தக் கேள்வியை எழுதி வையுங்கள். "இந்த மாதம் இத்தனை குடும்பம் மலசலகூடம் கேட்டது" என்ற பக்கத்தோடு பிரதேச சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகும்போதுதான் உங்கள் பேச்சுக்குப் பாரம் வரும். பார்வையாளரிடம் நுழைவுக் காசு வாங்கச் சொன்னால் அனுமதிக் கடிதமும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இல்லாமல் வாங்க வேண்டாம். பிரச்சினை வந்தால் மேசையில் இருக்கிற உங்கள் பெயர்தான் அடிபடும். மூன்று மாதத்தில் கடிதமும் வரவில்லை, காசும் வரவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பு சொன்ன கதைப் பதிவின் ஒரு பிரதியை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை செய்யக்கூடிய ஒன்று. மடு மாதாவின் திருவிழா யூலை 2ஆம் திகதியும் ஓகஸ்ட் 15ஆம் திகதியும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் அந்த நாட்களில்தான் மன்னாரில் நிற்பார்கள், மடுவுக்குப் போய்விட்டு அப்படியே கடற்கரைக்கும் வருவார்கள். அந்த இரண்டு கிழமைக்கும் பாடசாலையில் வாய்ச்சாதுரியமான நாலு பிள்ளைகளைப் பிடித்து, ஆளுக்கொரு பகுதியைக் கொடுங்கள்: ஒருவருக்குத் தூண், ஒருவருக்குக் கடல்கட்டி, ஒருவருக்கு நொக்ஸ், ஒருவருக்கு அல்லிராணி. பக்கத்து வீட்டு மாதர் சங்கத்தாரிடம் தேத்தண்ணிக்கும் பனங்காய்ப் பணியாரத்துக்கும் ஒரு மேசை போடச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பானை இரண்டு வேண்டும், ஒன்று காணாது.