மிதக்கும் பெட்ரோல் பங்க்: பம்ப் மிதக்கட்டும், டேங்க் கரையில் இருக்கட்டும் (கேள்வி பதில்)

கேள்வி (விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி): எங்கள் கழிமுகத்தில் முப்பது விசைப்படகும் அறுபது எழுபது ஃபைபர் படகும் நிற்கின்றன. கேனில் டீசல் சுமந்து மாளவில்லை. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரும்பு மிதவை கட்டி, அதன் வயிற்றிலேயே 10,000 லிட்டர் டேங்க் வைத்துவிடலாமா சார்?

பதில்: மிதவை சரி, அளவும் சரி. வயிற்றில் டேங்க் வேண்டாம். கரை டேங்க் ஒழுகினால் அதைச் சுற்றிக் கட்டிய தொட்டிக்குள் நிற்கும், அள்ளிவிடலாம். மிதவையில் ஒழுகினால் நேராகக் கடல்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி (ஓஷா 1910.106) படகுகளுக்கான பெட்ரோல் பங்குகளுக்கு இதைத்தான் சொல்கிறது. டேங்க் கரையிலோ, மண் நிரப்பிக் கட்டிய துறையிலோ இருக்க வேண்டும். கரையிலிருந்து குழாய் மிக நீளமாகிவிடும் இடங்களில் மட்டும் துறைமேடையில் 1,100 கேலன் வரை வைக்கலாம். நம் கணக்கில் ஏறத்தாழ 4,160 லிட்டர்.

நம் நாட்டில் பெட்ரோலியம் விதிகள் 2002-ன் கீழ் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் ஒரு போல்ட்கூட முடுக்காதீர்கள். முதலில் வரைபடம், பிறகுதான் வெல்டிங். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனி.

கேள்வி (மரைன் டிப்ளமோ மாணவர்): ஒரு பேச்சுக்கு, கரை முழுக்கச் சேறு, மிதவையில்தான் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். மிதவை நிலைக்குமா, கவிழுமா? கணக்கோடு சொல்லுங்கள் ஐயா.

பதில்: அதே 12 × 6 மிதவை. 60 செ.மீ. அமிழ்ந்து நிற்கிறது என்றால் கடல்நீரில் மொத்த எடை 44.3 டன். அகலத்தின் வர்க்கத்தை அமிழ்வின் 12 மடங்கால் வகுத்தால் 36 ÷ 7.2 = 5 மீட்டர். அதோடு மிதப்பு மையத்தின் உயரம் 0.3 மீட்டரைக் கூட்டி, எடை மையத்தின் உயரத்தை (1.4 என்று கொள்வோம்) கழித்தால் 3.9 மீட்டர். இதுதான் மிதவையைத் திருப்பி நிமிர்த்தும் கையிருப்பு.

இனி டேங்க். நீளம் 4 மீட்டர், அகலம் மிதவையின் முழு 6 மீட்டர், டீசல் 42 செ.மீ. ஆழம். மிதவை சாயும்போது டீசலும் தாழ்ந்த பக்கம் ஓடும். அதனால் குறையும் கையிருப்பு 1.37 மீட்டர். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு 0.34 ஆகும். இரண்டு தடுப்பு வைத்தால் 0.15. தடுப்பு நீளவாக்கில்தான் இருக்க வேண்டும். குறுக்குத் தடுப்பு பக்கச் சாய்வுக்கு ஒன்றும் செய்யாது. நீளவாக்குத் தடுப்பிலேயே துளை போட்டுவிட்டு "தடுப்பு வைத்தேன்" என்பவர்களும் உண்டு; துளை வழியே டீசல் ஓடிவிடும்.

6 மீட்டர் அகலம் இந்த இழப்பைத் தாங்கிவிடும். செலவு மிச்சம் என்று அகலத்தை 3 மீட்டர் ஆக்கினால்தான் வினை. 5 மீட்டர் என்று வந்தது 1.25 ஆகும், மொத்தக் கையிருப்பு 0.15 மீட்டர். தடுப்பில்லாத டேங்க் அதில் 0.34-ஐத் தின்றுவிடும். அந்த மிதவை நிமிர்ந்து நிற்காது.

இன்னொன்று: 10,000 லிட்டர் டீசல் 8.4 டன். அது விற்றுத் தீரும்போது மிதவை 11 செ.மீ. மேலே வரும். நடைபாலத்தின் கீலும் குழாய் இணைப்பும் இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி (ஃபைபர் படகு கட்டுபவர், நாகப்பட்டினம்): இரும்பு துருப்பிடிக்கும். ஃபைபர் கூட்டுக்குள் தெர்மோகோல் அடைத்து மிதவை செய்தால் என்ன?

பதில்: பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரைந்து பிசினாகிவிடும். ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள், நிமிடத்தில் தெரியும். ஃபைபர் கூட்டில் மயிரிழை விரிசல் போதும், வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே மிதப்பு போய்க்கொண்டிருக்கும். மூடிய செல் பாலியூரித்தேன் ஃபோம் அல்லது பாலியெத்திலீன் மிதவைகள் எடுங்கள். இரும்பே என்றாலும் உப்புநீரில் துத்தநாகக் கட்டிகள் பற்றவைத்து, பாதி கரைந்ததும் மாற்றினால் காலம் தள்ளும்.

கேள்வி (பொறியாளர், சென்னை): கரையிலிருந்து மிதவைக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயில்தான் விபத்து நடக்கும் என்கிறார்கள். அதை எப்படி அமைப்பது?

பதில்: உண்மை. இந்த வேலையின் உயிர்நாடி அங்கேதான்.

நடைபாலத்தின் பக்கவாட்டில் இரும்புக் குழாய் போகட்டும். பாலத்தின் இரண்டு கீல்களிலும் மட்டும் எண்ணெய்க்கென்று சான்று பெற்ற வளையும் ஹோஸ். ஹோஸின் நீளத்தை இன்றைய நீர்மட்டத்தில் அளக்காதீர்கள். மிகத் தாழ்ந்த வற்றம், மிக உயர்ந்த ஏற்றம் இரண்டிலும் மிதவை எங்கே நிற்கும் என்று வரைந்து, இரண்டிலும் ஹோஸ் இழுபடாமலும், தயாரிப்பாளர் சொன்ன வளைவு ஆரத்துக்குள் மடங்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றவற்றமே ஒரு மீட்டர் சொச்சம்தான். குஜராத்தின் பவநகரில் அது பத்து மீட்டரைத் தொடும். அங்கே வரைந்த படத்தை இங்கேயும், இங்கே வரைந்ததை அங்கேயும் கொண்டுபோக முடியாது.

கரை முனையில், ஹோஸ் தொடங்கும் இடத்தில் ஒரு கை வால்வ், மிதவையில் இன்னொன்று. படகு இடித்து மிதவை நகர்ந்தால் தானாகக் கழன்று இருபக்கமும் மூடிக்கொள்ளும் பிரேக்அவே இணைப்பு கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது இதை: கரை டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும், ஹோஸ் அறுந்தால் டேங்க் முழுவதும் தன் எடையிலேயே கடலுக்குள் இறங்கிவிடும். ஆகவே டேங்க் வாயிலேயே, பம்ப் ஓடும்போது மட்டும் திறக்கும் சாலினாய்டு வால்வ் வேண்டும். கரண்ட் போனால் அது மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும்.

கேள்வி (பங்க் மேலாளர்): இரவில் இரண்டு வால்வையும் மூடிவிட்டுப் போகிறோம். மறுநாள் மதியம் ஃப்ளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் தகட்டில்) சொட்டுகிறது. கேஸ்கெட் மாற்றியும் தீரவில்லை.

பதில்: கேஸ்கெட் மேல் பழியில்லை. இருபுறமும் அடைபட்ட டீசல் வெயிலில் விரிகிறது. 50 மி.மீ. குழாய் 50 மீட்டர் நீளத்தில் 98 லிட்டர் நிற்கும். 15 டிகிரி சூடேறினால் அது 1.2 லிட்டர் கூடும். போக இடமில்லாததால் அழுத்தம் எகிறி, பலவீனமான இணைப்பு வழிவிடுகிறது. வால்வைச் சுற்றி ஒரு வெப்ப நிவாரண வால்வ் வைத்து, அதன் வெளியேற்றத்தை டேங்குக்கே திருப்புங்கள். குழாய்க்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதும் உதவும்.

கேள்வி (எலக்ட்ரீசியன், ராமேஸ்வரம்): அண்ணே, டீசல்தானே அதிகம் போகும்? எல்லா இடத்திலும் ஃப்ளேம்புரூஃப் (உள்ளே பொறி எழுந்தாலும் வெளியே தீ பரவவிடாத) ஃபிட்டிங் வேண்டுமா? விலை நாலு மடங்கு.

பதில்: தம்பி, ஃபைபர் படகுக்குப் பெட்ரோலும் விற்பீர்கள் அல்லவா? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கரை பங்கில் அது தரையில் பரவிக் காற்றோடு போய்விடும். மிதவையில் தளத்தின் ஓட்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கும். மேலே சொன்ன மிதவையை எட்டு அறையாகப் பிரித்தால் ஓர் அறை 13.5 கன மீட்டர். கணக்கு புரிகிறதா? அறை மூடிகள் ரப்பர் கேஸ்கெட்டோடு ஆவி புகாதபடி இருக்க வேண்டும். அறைக்குள் வயரே போகக் கூடாது. மேலே பம்ப் பகுதியில் ஐஐஏ, டி3 தரமுள்ள (பெட்ரோல் ஆவிக்கு ஏற்ற வகுப்பு) ஃபிட்டிங். ஆபீஸ் அறை, பில் மெஷின், சுவிட்ச் போர்டு எல்லாம் கரையில். அவசர நிறுத்தப் பொத்தான் பம்பிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமல், 30 மீட்டருக்கு மிகாமல். தீ எரியும்போது அதைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருக்கக் கூடாது.

டீசலையும் அலட்சியம் செய்யாதீர்கள். நம் டீசலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்ச தீப்பற்று நிலை 35 டிகிரி. சித்திரை வெயிலில் இரும்புத் தளம் அதைத் தாண்டிக் கொதிக்கும்.

கேள்வி (கப்பல் ஊழியர்): டேங்கர் லாரிக்கு எர்த் வயர் மாட்டுவதுபோல் படகுக்கும் மிதவைக்கும் வயர் இணைக்கலாமா?

பதில்: லாரிக்குச் சரி. இரும்புப் படகுக்கு ஆபத்து. இரும்புப் படகும் இரும்பு மிதவையும் உப்புநீரில் நிற்பது ஒரு பேட்டரி மாதிரி. வயரை மாட்டும்போதும் எடுக்கும்போதும் பொறி வரும், அதுவும் ஆவி இருக்கும் இடத்தில். எண்ணெய்க் கப்பல்களுக்கான ஐஸ்காட் வழிகாட்டியும் வயரை நம்பாமல், குழாய்ப் பாதையில் மின்தடை ஃப்ளாஞ்ச் ஒன்றை வைக்கச் சொல்கிறது. ஃபைபர், மரப் படகுகளில் வேறு சிக்கல்: டேங்கின் வாய்மூடி ஓரிடம், டேங்க் ஓரிடம், நடுவே ரப்பர் ஹோஸ். வாய்த் தகட்டிலிருந்து டேங்குக்கு ஒரு செம்பு வயர் ஓடட்டும். நாசில் வாய்த் தகட்டைத் தொட்ட பிறகே எண்ணெய் ஓட வேண்டும், முடியும்வரை தொட்டே இருக்க வேண்டும்.

கேள்வி: கேனில் நிரப்பக் கேட்டால்?

பதில்: படகுக்குள் வைத்து நிரப்பாதீர்கள். கேனைத் தளத்தில் இறக்கி, உலோகக் கேனாகவே, நாசில் வாயைத் தொட்டபடி.

கேள்வி (ஃபைபர் படகு ஓட்டுநர், குளச்சல்): ஆட்டோ கட் நாசில் இருந்தும் காற்றுக்குழாய் வழியே பெட்ரோல் பீச்சி அடிக்கிறது. ஏன்?

பதில்: நாசில் காருக்காகச் செய்தது. படகின் வாய்க்குழாய் நீளம், வளைவு அதிகம். காற்று வெளியேறும் குழாய் மெல்லியது. எண்ணெய் போகும் வேகத்துக்குக் காற்று வெளியேற முடியாமல், மட்டம் நாசிலுக்கு வருமுன்பே காற்றுக்குழாய் வழி கொப்பளிக்கும். ஃபைபர் படகுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் பம்பையே கால்வாசி திறந்து விடுங்கள். 130 லிட்டர் பம்ப் விசைப்படகுக்கு மட்டும். ஆயிரம் லிட்டர் எட்டு நிமிடத்தில் முடியும். கைவிட்டாலும் ஓடவைக்கும் கொக்கியை எல்லா நாசிலிலும் கழற்றிவிடுங்கள். 95 சதவீதத்தில் நிறுத்துங்கள். நிரப்பி முடிந்ததும் எஞ்சின் அறை மூடிகளைத் திறந்து, உள் எஞ்சின் உள்ள பெட்ரோல் படகில் காற்றாடியை நாலைந்து நிமிடம் ஓட்டி, மூக்கால் முகர்ந்து பார்த்த பின்பே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.

கேள்வி (மீனவர் கூட்டுறவுச் சங்கம்): எண்ணெய் சிந்தினால் மிதவைத் தடுப்பு போட்டு வளைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் அடித்தால் போதுமா?

பதில்: டீசலை வளையுங்கள். பெட்ரோலை வளைக்காதீர்கள், ஆவியை ஒரே இடத்தில் குவித்து வைப்பதாகும் அது. பெட்ரோல் என்றால் பம்பை நிறுத்தி, எஞ்சின்களை அணைத்து, ஆட்களைக் காற்று வீசி வரும் பக்கமாக விலக்கி, ஆவியாக விடுவதே நல்லது. சோப்பு எதற்கும் வேண்டாம். மினுமினுப்பு மறையும், எண்ணெய் மறையாது. நீருக்குள் கலந்து மீன்குஞ்சைப் போய்ச் சேரும்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் அள்ளினார்களே என்று கேட்பீர்கள். அது கெட்டியான கப்பல் எண்ணெய். டீசல் அப்படி நிற்காது. வானவில் நிறம் காட்டும் மெல்லிய படலம் 0.3 மைக்ரான், அந்தத் தடிமனில் ஒரு லிட்டர் 3,300 சதுர மீட்டர் பரவும். ஆகவே எண்ணெய் மட்டும் உறிஞ்சும் பாலிப்ரொப்பிலீன் திண்டுகள் நாசில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கரை கோடவுனில் அல்ல. தடுப்பின் நீளம், மிதவையும் பெரிய படகும் சேர்ந்த சுற்றளவைப் போல் ஒன்றரை மடங்கு. இங்கே நூறு மீட்டர்.

கேள்வி: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் ஏதாவது வேறுபாடு உண்டா?

பதில்: இரண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், அதைத்தான் எஞ்சின் முதலில் உறிஞ்சும். நடுக்கடலில் நின்றுவிடும். பழைய நீர்காட்டும் பசை (தண்ணீர் பட்டால் நிறம் மாறுவது) இந்தக் கலவையில் ஏமாற்றும். எத்தனாலுக்கான பசை வாங்கி தினம் காலை டிப் குச்சியில் பாருங்கள். இரண்டாவது, சாதாரண ஏஎஃப்எஃப்எஃப் தீயணைப்பு நுரையை ஆல்கஹால் உடைத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் வகை நுரையே வாங்குங்கள். அதோடு 9 கிலோ டிசிபி (உலர் ரசாயனத் தூள்) தீயணைப்புக் கருவிகள், நடைபாலம் ஏறும் இடத்தில் ஒன்று கண்டிப்பாக.

கேள்வி (சுற்றுலா நிறுவனம்): அதே மிதவையில் கார், ஜெட் ஸ்கி, கடல் விமானம் எல்லாவற்றுக்கும் போடலாமா?

பதில்: ஜெட் ஸ்கிக்குப் போடலாம், நீர்மட்டத்திலேயே தாழ்வான தனி மேடை வேண்டும். காரை மிதவைக்கு இறக்காதீர்கள், கரையிலேயே ஒரு பம்ப் வையுங்கள். கடல் விமானத்துக்குத் தனி மிதவை. மாலத்தீவில் ஓடும் ட்வின் ஆட்டர் கடல் விமானங்களுக்கு ஜெட் ஏ-1 (மண்ணெண்ணெய் வகை எரிபொருள்) வேண்டும், பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு நீல நிற அவ்காஸ் (விமானப் பெட்ரோல்). நாசில் மாறினால் விமானம் விழும்.

கேள்வி: வாரணாசியில் கங்கையில் சிஎன்ஜி நிலையம் மிதக்கிறதே?

பதில்: ஆம், நமோ காட்டில் கெயில் நிறுவனம் வைத்தது. கங்கை மழைக்காலத்தில் பல மீட்டர் ஏறும் என்பதால் மிதவை அங்கே பொருத்தம். சிஎன்ஜி காற்றைவிட லேசு, மேலே போகும். அங்கே பயம் தளத்தின் அடியில் அல்ல, கூரையின் அடியில்; கூரை உச்சியில் திறப்பு வேண்டும்.

கேள்வி (துறைமுக ஒப்பந்ததாரர், கடலூர்): புயலுக்கு என்ன செய்வது? நங்கூரமா, பைலா (நீரடியில் அடித்து நிறுத்திய தூண்)?

பதில்: கழிமுகத்துக்குள் பைல்தான், உருளை வைத்த வளையங்களோடு. பைல் எவ்வளவு உயரம் என்பதே கேள்வி. மிக உயர்ந்த ஏற்றம், அதன் மேல் புயலலை ஏற்றம், அதன் மேல் அலை, அதன் மேல் வளையம் மிதவையில் இருக்கும் உயரம், பிறகு ஒரு மீட்டர். இதில் கஞ்சத்தனம் செய்தால் மிதவை பைலின் தலையைத் தாண்டிக் கழன்று ஊருக்குள் வந்து நிற்கும்.

சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. பக்கத்தில் 60 சதுர மீட்டர் முகம் காட்டும் விசைப்படகு கட்டியிருந்தால் 9 டன் இழுவை. ஆகவே எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் முதலில் படகுகளை அவிழ்த்து அனுப்புங்கள். பிறகு டேங்க் வால்வை மூடி, குழாயில் உள்ளதைக் கரைக்குத் திருப்பி வடித்து, ஹோஸைக் கழற்றி முனைகளை மூடி, கரண்டைக் கரையில் துண்டித்து, கடைசியாக நடைபாலத்தைத் தூக்குங்கள். பாலத்தை முதலில் தூக்கிவிட்டால் ஹோஸைக் கழற்ற ஆள் நீந்தித்தான் போக வேண்டும்.