பீரோவில் சிக்கிய முடி திருடனைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீட்டில் போன வாரம் பீரோவை உடைத்து நகையைத் திருடிவிட்டார்கள். கைப்பிடியில் சிக்கியிருந்த இரண்டு முடிகளையும் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த நீல நூலையும் பிளாஸ்டிக் கவரில் எடுத்து வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் அம்மா மீது சந்தேகம். முடியை வைத்து உறுதி செய்ய முடியுமா?

பதில்: அந்தக் கவரை இனிப் பிரிக்காதீர்கள். எதை, எங்கே, எப்போது எடுத்தீர்கள் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரியிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். மகஜரில் (போலீஸ் கைப்பற்றும் பொருள்களைக் குறிக்கும் பதிவு) ஏறுகிறதா என்றும் பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தடயவியல் ஆட்கள் முடியைத் தனியாக, நூலைத் தனியாக, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் மாதிரி வெள்ளைத்தாளில் மடித்து வைப்பார்கள். மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. காவல்துறை வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, முடிக்கு வருவோம். ஒருவர் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். ஆகவே அது உங்கள் வீட்டாருடையதாகவே இருக்கலாம். ஒப்பிட்டு விலக்குவதற்காக உங்கள் எல்லோருடைய முடியையும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

நுண்ணோக்கியில் முதலில் தெரிவது மனித முடியா, விலங்கு முடியா என்பது. முடியின் நடுவே ஓடும் மையத்தண்டு மனிதர்களுக்கு முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாய், பூனைக்குப் பெரும்பாலும் பாதிக்கும் மேல். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அதனால் வேரிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் சாயம் தொடங்கினால், சாயம் பூசி ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் ஆளைச் சொல்ல டி.என்.ஏ. வேண்டும். பிய்ந்து வந்த முடியின் வேரில் சதை ஒட்டியிருந்தால் அது கிடைக்கும். தானாக உதிர்ந்த முடியில் பெரும்பாலும் போதாது. அப்போது மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டி.என்.ஏ. தாய்வழியில் வருவதால் அண்ணனையும் தம்பியையும் அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

தோற்றத்தை மட்டும் பார்த்து 'ஒத்துப்போகிறது' என்பது ஆபத்தானது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் நிபுணர்களின் பழைய முடிச் சாட்சியங்களை மறுஆய்வு செய்தபோது, பார்த்தவற்றில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பிழையான கூற்றுகள் இருந்ததை 2015-இல் ஒப்புக்கொண்டது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தினமும் வீட்டைப் பெருக்கும் அம்மாவின் முடி பீரோவில் இருந்தால் அதில் என்ன அதிசயம்? அது அவருடையது என்றே உறுதியானாலும் திருட்டை நிரூபிக்காது. தயவுசெய்து அதை வைத்து அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

எனக்கு அந்த நூல் மீதுதான் நம்பிக்கை அதிகம். ஜன்னல் கம்பியில் துணி மாட்ட யாருக்கும் காரணம் இல்லை. பருத்தி இழை முறுக்கிய ரிப்பன் போலவும், பாலியஸ்டர் வழவழப்பான கம்பி போலவும் தெரியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலச் சாயங்களை ஒளி நிறமாலைக் கருவி பிரித்துவிடும். ஜீன்ஸ் பருத்தி என்றால் மதிப்பு குறைவு, ஊரெல்லாம் அதுதான். அபூர்வமான சாயம், கிழிந்த சட்டை என்று இரண்டும் சேர்ந்தால் வலுவான சாட்சி. ஒப்பிட அந்தச் சட்டை கிடைக்க வேண்டும்.

அப்புறம், பீரோவை இன்னும் துடைக்கவில்லை என்றால் துடைக்காதீர்கள். கைரேகை எடுத்தாகிவிட்டதா என்று இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள். ஆளை நேரடியாகச் சுட்டுவதில் ரேகைக்கு முடியைவிட வலு அதிகம்.