நோம்பிக் கறியும் எரேமியாவின் கடிதமும்: இறையியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிற பி.டி. (இறையியல் இளநிலை), எம்.டி.எச். (இறையியல் முதுநிலை) மாணவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. நான் படித்தது புதிய ஏற்பாடு. ஈரோடு, தாராபுரம் பக்கத்துக் கிராமச் சபைகளில் இருபத்தெட்டு வருஷம் ஆயராக (பாஸ்டராக) இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஒத்துவராததைத் தள்ளிவிடுங்கள்.

பெருந்துறை, பி.டி. மூன்றாம் ஆண்டு: ஐயா, சொந்தத்தில் எங்கள் வீடு மட்டும்தான் கிறிஸ்தவ வீடு. கருப்பராயன் கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) பெரியப்பா கிடா வெட்டிச் சோறு போடுகிறார். போகலாங்களா?

போ. சாப்பிடுவதா என்பதுதான் கேள்வி. அப்போஸ்தலர் பவுல் கிரேக்க நகரமான கொரிந்துவின் சபைக்கு, அதாவது கொரிந்தியருக்கு, எழுதிய முதல் கடிதத்தில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் இதைப் பற்றியே பேசுகிறார். கொரிந்துவில் கிரேக்கத் தெய்வங்களான தெமேத்தர் கோயிலையும் அஸ்கிலேப்பியுஸ் கோயிலையும் தோண்டியபோது, அங்கே பந்தி உட்காரும் அறைகளே கிடைத்தன. விருந்தென்று யாராவது அழைத்தால் அது கோயில் வளாகத்திலும் நடக்கும். ஆக, உன் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

பவுல் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. படையல் பந்தியிலேயே உட்காருவது வேண்டாம் என்கிறார். கடையில் விற்கிற கறியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். அண்டை வீட்டுக்காரர் அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் 'இது படைத்தது' என்று யாராவது சொன்னால், சொன்னவர் மனசாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். நம் ஊரில் யாரும் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு மாசமாக வாசலில் கட்டியிருந்த கிடாயை ஊரே பார்த்திருக்கிறது!

என் யோசனை இதுதான். ஞானஸ்நானம் எடுத்து நாலைந்து வருஷமே ஆன உன் அம்மாவுக்கு அந்தக் கறி உறுத்தும் என்றால் தொடாதே. நீ மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து அவரிடம் எட்டாம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருக்காதே. மற்றபடி பந்தல் போடு, இலை எடு, வந்த சனத்துக்குத் தண்ணி ஊற்று. எங்கள் பெரியம்மா படையலுக்கு முன்னாலேயே எனக்கென்று ஒரு போசியில் சோறும் பருப்பும் எடுத்து மூடி வைத்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். பத்தாம் அதிகாரம் 28-ஆம் வசனத்தை அவர் அளவுக்குப் புரிந்துகொண்ட வாத்தியாரை நான் செமினரியில் பார்த்ததில்லை.

திருப்பூர், எம்.டி.எச். பழைய ஏற்பாடு: புத்தாண்டு ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாக (வருஷத்துக்கென்று சபையில் கொடுக்கும் வசன அட்டை) வந்தது. சபையில் அதையே பிரசங்கிக்கச் சொல்கிறார்கள். வகுப்பில் இந்த அட்டைகளைக் கேலி செய்கிறோம். என்ன செய்ய?

முதலில் கேலியை நிறுத்து. அந்த அட்டையை ஒரு பாட்டி வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள் வைத்திருப்பார், ஆஸ்பத்திரிக்குப் போனால் கையோடு எடுத்துப் போவார். அப்புறம் வசனத்துக்கு வா. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன சனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி 'ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பிவிடும்' என்று கைதட்டல் வாங்குகிறான். எரேமியா எழுபது வருஷம் என்கிறார். அந்த எழுபது 10-ஆம் வசனத்தில் வருகிறது. அட்டையில் அச்சாகிற 11 அதற்கு அடுத்தது. கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் நடுவயசுக்காரர்கள் எல்லாம் பாபிலோனிலேயே மண்ணாகிப்போனவர்கள். 'உங்களுக்கு நன்மை நினைத்திருக்கிறேன்' என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் அதைக் கண்டார்கள்.

இதைச் சொன்னால் அட்டையின் மதிப்பு குறையாது, கூடும். கடனில் தறியை விற்றவனுக்கும் சாயப்பட்டறையில் வேலை போனவனுக்கும் 'இந்த வருஷமே' என்று அனனியா மாதிரி சொல்லாதே. அதே கடிதத்தில் 5-ஆம் வசனம் வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. 7-ஆம் வசனம் பிடித்துக்கொண்டுபோனவனின் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணச் சொல்கிறது. பனியன் கம்பெனிகளை நம்பி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கிற ஊர் உன்னுடையது. ஏழாம் வசனத்தை அங்கே பிரசங்கிக்க உனக்கு வியாக்கியானப் புத்தகமே வேண்டாம். அட்டையைப் பிடுங்காதே. அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும், இந்த ரெண்டு வசனத்தை எழுதிக் கொடு.

பொள்ளாச்சி: 'தேவன்' என்றால்தான் வேதம், 'கடவுள்' என்றால் பிறமதச் சொல் என்கிறார் எங்கள் சபை மூப்பர்.

மூப்பரிடம் சண்டை போடாமல் வரலாற்றைச் சொல்லு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் 'சருவேசுரன்'. அவருக்குப் பின் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் முடிந்த ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்புதான் 'தேவன்' என்பதை நம் காதில் ஏற்றியது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஆக மூப்பரின் பழைமைக்கு நூற்றைம்பது வயசு, அவ்வளவுதான். நான் திருவிருந்தில் (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில்) 'தேவன்' என்பேன், எல்லாச் சாதிசனமும் நிற்கிற சாவு வீட்டில் 'கடவுள்' என்பேன்.

சத்தியமங்கலம், பி.டி. முதலாண்டு: கிரேக்கம் நிஜமாகவே தேவையா?

தேவை. ரோமர் 16:1-இல் பெபேயாள் என்ற பெண்ணை நம் பழைய மொழிபெயர்ப்பு 'ஊழியக்காரி' என்கிறது. கிரேக்கத்தில் அது 'தியாகோனோஸ்', சபைப் பணியாளர். பவுல் தன்னைச் சொல்லிக்கொள்ளவும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். பெண்கள் பிரசங்க பீடம் ஏறலாமா என்று யாராவது மேசையைத் தட்டும்போது இது கைகொடுக்கும். ஆனால் பிரசங்கத்தில் 'கிரேக்க மூலத்தில்' என்று ஆரம்பிக்காதே, பின்வரிசை தூங்கிவிடும்.

கோபி, எம்.டி.எச்.: எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரு சாதியார் முடித்த பிறகுதான் இன்னொரு சாதியார் எழுந்து வருகிறார்கள். 'கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று' என்கிற கலாத்தியர் 3:28 பிரசங்கிக்கலாமா?

பிரசங்கிக்கலாம். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு அதே வரிசையில் வருவார்கள். நானும் அப்படி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அதற்கு முந்தின அதிகாரத்தை எடு, 2:11 முதல். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் மெல்ல இலையை மாற்றிக்கொள்கிறார். பவுல் முகத்துக்கு நேராகக் கேட்கிறார். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்த எந்த ஊருக்கும் இந்தக் காட்சிக்கு உரை வேண்டியதில்லை.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கிறோம். நியாயமான போராட்டம். ஆனால் அன்று கறுப்புத் துணி குத்திக்கொண்டு, அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குத் தனி வரிசையில் வருகிறோமே!

பிரசங்கத்தைவிட அடுப்பு வேலை செய்யும். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோப்பிலஸ் அப்பாவு 'ஒரு உலை' என்று சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி அரிசி, ஒரே உலை, இரண்டு தெருக்காரரும் சேர்ந்து கிண்டுவது. அறுப்பின் பண்டிகைக்கு நான் இருந்த சபையில் இதை ஆரம்பித்தபோது முதல் வருஷம் நாலு குடும்பம் 'சாப்பிட்டாச்சுங்க' என்று கிளம்பிவிட்டது. அடுத்த வருஷம் ரெண்டு குடும்பம். மூன்றாம் வருஷம் என்னை மாற்றிவிட்டார்கள்.

கரூர்: முதல் அடக்க ஆராதனை. என்ன பேசுவது?

குறைவாக. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். ஒப்பாரி வைக்கிற அம்மாக்களை 'நம்பிக்கையற்றவர்கள் மாதிரி அழக்கூடாது' என்று அடக்காதே. செத்துப்போன லாசருவை உயிரோடு கூப்பிடப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அழுதார்.

நாமக்கல், எம்.டி.எச். இரண்டாம் ஆண்டு: கொங்கு நாட்டை வைத்து ஆய்வேடு எழுத ஏதாவது தலைப்பு?

ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் சேர்த்துப் படித்தவர். 1950-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயர் ஆனார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்க்கும் அவர் புத்தகம் 1927-லேயே வந்துவிட்டது. 'என்னில் நிலைத்திருங்கள்' என்ற யோவான் 15-தான் அவருக்கு மையம். எல்லாரும் அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். பேராயராகக் கிராமம் கிராமமாகச் சுற்றியபோது அந்த பக்தி இறையியல் என்ன ஆயிற்று, சாதி என்ற சுவரில் மோதியதா இல்லையா என்று கேள். பழைய சபைப் பதிவேடுகளையும் தொண்ணூறு வயசுக்காரர்களையும் தேடிப் போக வேண்டியிருக்கும். சீக்கிரம் போ.

கத்தோலிக்க நண்பர்கள் யாராவது இருந்தால் மரியோன் பிரெசியாக்கை எடுக்கச் சொல்லு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவையில் கத்தோலிக்க ஆயராக (பிஷப்பாக) இருந்து, உள்ளூர்க் குருக்களை உருவாக்கியே தீரவேண்டும் என்று நின்றவர்.

காங்கேயம், பெயர் வேண்டாம்: வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் மோசே எழுதவில்லை, மாற்கு 16:9-க்குப் பிறகு பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று படித்ததிலிருந்து ஜெபம் வரவில்லை.

எனக்கும் ஒன்றரை வருஷம் வரவில்லை. அப்போது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. மிகப் பழைய சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8-இல் பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிகிறது, அது சரிதான். அந்தப் பயத்தோடு ஒரு நற்செய்தி முடியலாம் என்றால், உன் நிலைமையும் அதற்கு வெளியே இல்லை. மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் 'விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்' என்கிறான். இப்போதைக்கு அந்த ஒரு வரி போதும் கண்ணு. ஜெபம் வராத நாளில் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுப் பக்கம் வா, டீ குடித்துவிட்டுப் போகலாம்.